உடைச்சானுக்கு ஒரு வக்கீல்

"ஒருத்தன் தலையை எடுக்கணும் தம்பி. ஒரு வாரமா உக்காந்து பாக்குறேன்... கை வர மாட்டேங்குது."

போன மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் வந்த வாக்கியம் இது. என் போன் பழசு. காதோடு ஒட்டி வைத்தாலும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். அருகில் நின்று பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பஜ்ஜித் தட்டோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? தலையை இழக்கப்போகிறவன் பாளையக்காரர் காலத்து ஆள், அவன் இருப்பதோ ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் என்பதெல்லாம் பஜ்ஜி சாப்பிட்டவருக்கு எப்படித் தெரியும்?

பேசியவர் வக்கீல் சென்றாயப்பெருமாள். நான் பெருமாள் சார் என்று கூப்பிடுவேன். பெரியகுளம் கோர்ட்டில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிரிமினல் வழக்குகளில் கழித்தவர். எப்போதும் எதிரித் தரப்புதான். கோர்ட் பாஷையில் எதிரி என்றால் பகையாளி அல்ல... குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிறவர்.

வக்கீல்கள் ஓய்வு பெற்றால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஓய்வே பெற மாட்டார்கள். பெருமாள் சார் பெற்றார். கறுப்பு கோட்டை மடித்து பீரோவில் வைத்த கையோடு சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தார். ராஜாக்களைத் தேடி மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போகவே இல்லை. கம்பம் பள்ளத்தாக்குதான் களம். சின்னச் சின்னப் பாளையங்கள், கண்மாய்கள், மலைக் கணவாய்களில் பொதிமாடு ஓட்டிப் போனவர்கள்...

"நம்ம ஊருக்கு ராஜா வராம இருந்திருக்கலாம் தம்பி. வரி கேக்க ஒருத்தன் வந்திருப்பான்ல? அவன் கதை போதும் எனக்கு" என்பார்.

நான் நிருபராக இருந்த காலத்தில் அதே கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். அந்தப் பழக்கத்தில் அவருடைய கையெழுத்துப் பிரதிக்கு முதல் வாசகன் நான்தான். வேலை ஒன்றும் கடினமில்லை. அவர் கதாபாத்திரங்களைச் சாட்சி வாக்குமூலம் மாதிரி அறிமுகப்படுத்துவார். முதல் நாவலின் கதாநாயகி ஆற்றங்கரையில் குடத்தோடு வருகிறாள். 'இன்னாரின் மகள், வயது சுமார் பத்தொன்பது, விவசாயக் கூலி, மேற்படி கிராமத்தில் வசிப்பவர்' என்று எழுதியிருந்தார். அந்த வரிகளை அடிப்பதுதான் என் வேலை. அடித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த நாவலில் மறுபடி எழுதுவார், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த ஊர்க் கதையோ அந்த ஊருக்கே போய், கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "எதிர்த்தரப்புக்கு நகல் குடுக்காம நான் எதையும் தாக்கல் பண்ணதில்ல" என்பார். வேறு எந்த எழுத்தாளருக்கும் இந்த விபரீத ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

சரி... இந்த முறை யாருடைய தலை?

ஜெயமங்கலம் தாண்டிப் போனால் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே பெரிய கண்மாய். அதன் கரையில், வயல் பக்கமாக ஒரு கல் நிற்கிறது. உடைச்சான் கல். பாளையக்காரர் காலத்தில், கண்மாய்க்குக் காவலாக இருந்த நீர்பாய்ச்சி ஒருவன், மேற்கே உள்ள ஊர்க்காரர்களிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு ஒரு மழைநாளில் கரையை உடைத்துவிட்டான் என்பது ஊரில் சொல்லும் கதை. பாளையக்காரர் அவன் தலையை எடுத்து, அதே இடத்தில் கல்லை நட்டாராம்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும், மடை திறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுவந்து அந்தக் கல்மேல் கொட்டுவார்கள். துரோகிமேல் மண். இன்றைக்கும் நடக்கிறது. அவன் வழிவந்தவர்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். உடைச்சான் வகையறா என்று பெயர்.

இதுதான் நாவல். ஊர் முழுக்கப் போய்க் கதை கேட்டு, மாதக்கணக்கில் எழுதி, கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் பெருமாள் சாருக்குக் கை வரவில்லை. புத்தகத்தை அந்த ஊர்ச் சாவடியில் வைத்து, மடை திறக்கிற நாளில் வெளியிடுவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

போன் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பெரியகுளம் போனபோது அருள்தாஸ் ஏற்கெனவே வந்திருந்தார். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஓய்வு பெற்ற அரசு வக்கீல். கோர்ட்டில் இவர் தண்டனை கேட்பார், அவர் விடுதலை கேட்பார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிக்கப் போவார்கள். கட்சிக்காரர்களுக்கு அது பிடிக்காது. அன்றைக்குச் சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை.

பெருமாள் சார் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். தலை தப்பிவிட்டது. பாளையக்காரர் எல்லாச் சாட்சிகளையும் கேட்டுவிட்டு, கரை தானாகவும் உடைந்திருக்கலாம் என்று சொல்லி நீர்பாய்ச்சியை விட்டுவிடுகிறார்.

அருள்தாஸ் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணே... எந்தப் பாளையக்காரன் 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து'ன்னு தீர்ப்புச் சொல்லிருக்கான்? அவனுக்குச் சந்தேகம் வந்தாலே தலை போயிருமே."

"உடைச்சதைக் கண்ணால பாத்த சாட்சி ஒண்ணு காட்டு."

"ஊரே சொல்லுது."

"ஊர் சொல்றது கேள்விப்பட்ட சாட்சி. செல்லாது."

"சரித்திரமே கேள்விப்பட்ட சாட்சிதாண்ணே. அதைச் செல்லாதுன்னா நீங்க நாவலே எழுத முடியாது."

காபி கொண்டுவந்த பாக்கியம் அம்மா — பெருமாள் சாரின் மனைவி, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் — டம்ளர்களை வைத்தபடியே சொன்னார்:

"இவுக விடுதலை வாங்கிக் குடுத்தே பழகிட்டாக. எப்பவோ செத்துப்போனவனக்கூட உள்ள தள்ள மனசு வராது."

"அதுக்குத்தானே மதினி நான் இருக்கேன். பேனாவை எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கத்துல முடிச்சுத் தாரேன்."

"நீ முடிச்ச கேஸெல்லாம் அப்பீல்ல நின்னுச்சாக்கும்" என்றார் பெருமாள் சார்.

அருள்தாஸ் கை கழுவப் போன நேரத்தில் பெருமாள் சார் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"அந்த வகையறாவை நினைச்சுப் பாருங்க தம்பி. பஸ்ஸுல ஏறுனாக்கூட 'உடைச்சான் வீடா?'ன்னு கேக்குறான். எப்பவோ ஒருத்தன் மேல விழுந்த பழி, ஸ்கூலுக்குப் போற பிள்ளை வரைக்கும் வருது. அவன் செய்யலைன்னு ஒரு புஸ்தகம் சொன்னா... நாளைக்குக் கொஞ்சம் நிமிந்து நடப்பாகள்ல? எத்தனையோ கேஸ் ஜெயிச்சாச்சு. இது ஒண்ணை ஜெயிச்சாப் போதும்."

"ஊர்க்காரங்க ஒத்துக்குவாங்களா சார்?"

"அங்கதான் ஒதைக்குது. பேசிப் பாப்போம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸ் காரில் போனோம். வடுகபட்டியைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றியிருந்தும் பூண்டு வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பெருமாள் சார் முன் சீட்டில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி வந்தார். ஊர் என்னென்ன ஆட்சேபணை சொல்லும், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் என்று எழுதி வைத்திருந்தார். வாதத்துக்குப் போகிற வக்கீலின் முகம். எனக்கு அந்த முகம் தெரியும்.

சாவடியில் நல்ல கூட்டம். கோயில் மைக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெருமாள் சார் வாசித்தார். மழை, கரை, விசாரணை, விடுதலை. வாசித்து முடித்துவிட்டு, வரட்டும் என்பது போல ஆட்சேபணைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டு பேசினார்.

"வக்கீலய்யா சொல்றது சரியாத்தான் இருக்கு. பாவம்... எத்தனை தலைமுறைக்குத்தான் அந்த ஆளு மேல மண்ணள்ளிப் போடுறது? விட்ருவோம்."

தலைகள் அசைந்தன. அவ்வளவுதான். ஆட்சேபணைத் தாளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஜட்ஜ் 'விடுதலை' என்ற சொல்லை வாசிக்கும் நேரத்தில் பெருமாள் சாரின் காது மடல் சிவக்கும். அன்றும் சிவந்தது.

"விட்ருவோம்னா? எங்களக் கேட்டீகளா?"

பெண்குரல். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் ஒரு போனில் "ஞான் பின்னே விளிக்காம்" என்று மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டு, இன்னொரு போனை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். செல்லத்தாய். கேரளாவுக்கு வாழைத்தார் லோடு ஏற்றிவிடும் வியாபாரி. அறுபது வயது இருக்கும். உடைச்சான் வகையறாவில் இப்போது அவர்தான் மூத்தவர் என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார்.

பெருமாள் சார் முகம் மலர்ந்தது. நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எங்க ஆளு உடைக்கலன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சாட்சி ஒண்ணும் இல்லத்தா. கரை தானா ஒடைஞ்சிருக்கலாம்ல?"

"தானா ஒடையுறதுக்கு அதென்ன தேங்காயா? அவருதான் ஒடைச்சாரு. மம்பட்டி எடுத்து வெட்டி ஒடைச்சாரு."

கூட்டம் சலசலத்தது. செல்லத்தாய் கையை நீட்டிக் காட்டிப் பேசினார்.

"மழையில ஊர்ப்பக்கத்துக் கரை கசிய ஆரம்பிச்சிருச்சு. அங்கன ஒடைஞ்சிருந்தா, இன்னைக்கு இந்தச் சாவடியில ஒக்கார ஒரு ஆளு மிச்சம் இருந்திருக்க மாட்டீக. அதனாலதான் இங்கன, வயக்காட்டுப் பக்கமா வெட்டி விட்டாரு. ஊரு பொழைச்சது. முங்குனது நெல்லு. பாளையக்காரக நெல்லு. அவுகளுக்கு அதுதான வலிச்சது... கைக்கூலி வாங்குனாருன்னு கதை கட்டித் தலையை எடுத்துட்டாக. எங்க வீட்டுல பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்ற கதை இது."

"இதை ஏன்த்தா இத்தனை காலமா வெளிய சொல்லல?"

"யாரு கேட்டா?"

செல்லத்தாய் விடவில்லை.

"நீங்களும்தான் மாசக்கணக்கா வந்தீக. மேலத்தெரு, கீழத்தெரு, பூசாரி வீடு எல்லாம் போய் உக்காந்து கதை கேட்டீக. எங்க வீட்டு வாசல் வழியாத்தான் போவீக, வருவீக. நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்து விட்டேன். பழத்தை வாங்குனீக. கதை மட்டும் கேக்கல."

அருள்தாஸ் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"அண்ணே... கூண்டுல நிக்கிற ஆளை மட்டும் சாட்சி சொல்ல ஏத்தவே கூடாதுன்னு ஜூனியர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பீகளே. நாவலுக்குமா?"

விஷயம் இதுதான். எதிரித் தரப்பு வக்கீல்களுக்குள் எழுதாத விதி ஒன்று உண்டு. கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதே. ஏற்றினால் அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். கட்சிக்காரர் ஏதாவது உளறிக் காரியத்தைக் கெடுப்பார். மற்ற எல்லாரையும் பேசவிடு, உன் ஆளை மட்டும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள். அந்த விதியோடு வாழ்ந்தவர், பீஸும் சம்மனும் இல்லாத ஒரு பழைய வழக்கிலும் அப்படியே நடந்துகொண்டார். ஊரெல்லாம் விசாரித்தவர், யாருக்காக வாதாடுகிறாரோ அந்த வீட்டுப் படியை மட்டும் ஏறவில்லை.

அவரை மட்டும் சொல்வானேன்? பத்திரிகைக்காரர்கள் எங்களுக்கும் ஒரு வரி இருக்கிறது — 'சம்பந்தப்பட்டவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.' எவ்வளவு வசதியான வரி அது.

பெருமாள் சார் மெதுவாகச் சொன்னார்: "என் சர்வீஸ்ல விடுதலை வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதாந்தா."

"விடுதலை வேணாம்னு யாரு சொன்னா? செய்யலன்னு எழுதாதீகன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணா?"

பிறகு ஒரு வியாபாரியின் குரலில், நிதானமாக, அடுத்த விஷயத்துக்கு வந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன். அவரு ஒண்ணும் செய்யலன்னு புஸ்தகத்துல போட்டுட்டீகன்னா, அடுத்த ஐப்பசிக்கு எவன் கூடை தூக்கிட்டு வருவான்? கல்லு மேல மண்ணு விழலேன்னா கரை என்னாகும்? நாங்க எதுக்கு வருசா வருசம் மொதக் கூடை கொண்டாந்து கொட்டுறோம்னு நினைக்கிறீக?"

மொதக் கூடையா? ஊர்ப் பெரியவரைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார். "அவுக கொட்டுன பெறகுதான் மத்தவுக. அதான் வழக்கம். ஏன்னு எங்களுக்குத் தெரியாது."

எல்லாரும் கரைக்கு நடந்தோம். கல் இப்போது கழுத்துவரை புதைந்திருக்கிறது. நான் அந்த இடத்தின் அகலத்தைக் காலால் அளந்து பார்த்தேன். பிறகு, செல்லத்தாய் சொன்ன ஊர்ப் பக்கத்துக் கரையையும் அளந்தேன். பழக்கதோஷம். கல் இருக்கும் இடத்தில் ஒரு மாட்டுவண்டி திரும்பலாம். மற்ற இடத்தில் சைக்கிளை உருட்டிப் போவதே சிரமம். எப்போதோ உடைந்த இடம்தான் இன்றைக்கு அந்தக் கண்மாயின் பலமான இடம். ஊர் தன் கோபத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கரை அதை வாங்கி வைத்துக்கொண்டே இருக்கிறது.

ஊர்ப் பெரியவர் குனிந்து கல்மேல் கை வைத்தார். "ஏத்தா செல்லத்தாயி... நெசமாவா?"

"எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாக மாமா. நான் என்ன கூட நின்னா பாத்தேன்?"

கேள்விப்பட்ட சாட்சிதான். அருள்தாஸ் ஆட்சேபிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கல்லின் பக்கத்தில் நின்று, யாரிடமோ கூடை வாங்கி மண் அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அன்றோடு சரி.

திரும்பும் வழியில் பெருமாள் சார் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வருத்தம் என்று நினைத்தேன். மடியில் செல்லத்தாய் கொடுத்தனுப்பிய வாழைப்பழச் சீப்பு. வடுகபட்டியில் பூண்டு மூட்டை ஏற்றும் லாரி ஒன்று வழியை மறித்து நின்றது. அப்போது அவர் பாட்டுக்குச் சிரித்தார்.

"தோத்துட்டீங்களே சார்" என்றேன்.

"தோத்தா என்ன தம்பி... கட்சிக்காரம்மா சந்தோசமா இருக்குல்ல? எத்தனையோ கேஸ்ல நான் ஜெயிச்சும் அது நடந்ததில்ல." ஒரு பழத்தை உரித்து அருள்தாஸ் கையில் கொடுத்தார்.

போன வாரம் திருத்திய கடைசி அத்தியாயம் வந்தது. வாசித்தேன்.

விசாரணை முடிகிறது. பாளையக்காரர், "நீ சொல்ல ஏதும் உண்டா?" என்று கேட்கிறார். எல்லா வழக்கிலும் கடைசியில் எதிரியிடம் கேட்கப்படுகிற கேள்விதான் அது. கோர்ட்டில் பெருமாள் சாரின் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அவர்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். "பொய் கேஸுங்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நாவலில் நீர்பாய்ச்சி நிமிர்ந்து பார்க்கிறான். "நான்தான் உடைச்சேன்" என்கிறான். பிறகு பேசுகிறான்... பல பக்கங்களுக்குப் பேசுகிறான். தலை என்ன ஆயிற்று என்று பெருமாள் சார் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில், மழை விட்ட காலையில், அவன் மனைவி தலையில் ஒரு கூடை மண்ணோடு கரைமேல் நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஊர் வருகிறது.

நீர்பாய்ச்சி வாய் திறப்பதற்கு முன்னால், வழக்கம்போல, 'இன்னாரின் மகன், வயது சுமார் நாற்பது, மேற்படி கிராமத்தில் வசிப்பவர்' என்று இருந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். இந்த ஒரு முறை அடிக்கவில்லை.

ஐப்பசியில் வெளியீடு. முதல் பிரதியைச் செல்லத்தாய் வாங்குகிறார். அவர் முதல் கூடையைக் கொட்டிய பிறகுதான் புத்தகத்தைத் தொடுவாராம். அது மட்டும் நிபந்தனை.

ப்ரூஃப் பார்த்தது பாக்கியம் அம்மா. கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னாராம்:

"ஒங்க கட்சிக்காரர் ஒருத்தர் உண்மையச் சொல்லி இன்னைக்குத்தான் பாக்குறேன்."